பெரிய அரங்கு வேண்டுமாம்

மார்ச் 3
கால்நடை மருத்துவர் மாநாட்டில் யார் எப்போது, எந்த அறையில் பேசுவது என்று முடிவு செய்யும் வேலை இந்த வருடம் என் தலையில். எல்லோருக்கும் முதல் நாள் காலைதான் வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு பேச ஒருவருக்கும் மனசில்லை.

வந்த உரைகளில் ஒட்டகத்தினுடையதும் இருக்கிறது — பழைய கிளினிக்கில் என்னோடு இருந்த அறுவை மருத்துவருக்கு நான் வைத்த பேர். கழுத்தைவிடத் திமிர் நீளம் அவனுக்கு. தலைப்பு: 'மயக்க மருந்துப் பிழையால் இறந்த குதிரை'. அதாவது, நான் கொன்ற குதிரை!

ஆபரேஷன் செய்தது அவன். மயக்க மருந்து கொடுத்தது நான். குதிரை லேசாக அசைந்தது. "பொறுங்க"ன்னு சொன்னேனே! கேட்டானா? இரண்டாவது மயக்க ஊசியை அவனே எடுத்துப் போட்டான். குதிரை எழவில்லை. பழி எனக்கு. கிளினிக்கை விட்டும் அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 4
இரண்டாம் நாள், கடைசி உரை, சமையலறையை ஒட்டிய கீழ்த்தள அறை. அவனுக்கு அதுவே அதிகம்.

மார்ச் 9
போன் செய்தான்.
"வேணும்னேதானே பண்ணியிருக்க?"
"ஆமா."
"தலைவர்கிட்ட பேசிக்கிறேன்."
"தாராளமா."

மார்ச் 10
பேசிவிட்டான். "சொந்தப் பகையை இதுல காட்டலாமாம்மா?" என்றார் மாநாட்டுத் தலைவர். ஒட்டகத்துக்குப் பெரிய அரங்கு, முதல் நாள் காலை. அங்கே இருந்த என் உரை கீழ்த்தளத்துக்கு.

வீட்டுக்காரர் "விட்டுத் தள்ளேன்" என்கிறார். எதை விட? கெட்டது இவர் பேரா?

மார்ச் 20
அரங்கில் உட்கார இடமில்லை, சுவரோரமெல்லாம் ஆட்கள். "அனுபவமில்லாத ஒரு மயக்க மருத்துவர்" என்று சொல்லி, என் பக்கம் ஒரு பார்வை பார்த்தான் — பாவி. கேள்வி நேரம் வந்ததும் எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

"ரெண்டாவது ஊசியைப் போட்டது யாரு, டாக்டர்?"
"அது... எல்லாருமா சேர்ந்து எடுத்த முடிவு."
"முடிவைக் கேக்கல. போட்ட கை யாரோடது?"

தண்ணீர் குடித்தான். மேடையிலிருந்த தலைவரே அவன் பக்கம் திரும்பினார். "பதில் சொல்லுங்க."

"நான்தான்."

அத்தனை பேரும் கேட்டார்கள். என் இஷ்டப்படி அவன் உரையைக் கீழ்த்தளத்தில் போட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? நானும் சமையல்காரரும்.

மார்ச் 27
இறந்த குதிரையின் சொந்தக்காரர் போனில் பேசினார். விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, இன்னொரு குதிரைக்கு ஆபரேஷனாம்.

"மயக்க மருந்து நீங்க வந்து குடுக்கணும்மா."

"கத்தி யார் கையில? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றேன்.