வேனில் ஏறிய மலைச்சைக்கிள்

வெள்ளி இரவு, மட்டக்களப்பு

சென்னையிலிருந்து வேலைக்கு வந்து, இந்த மாதம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாள் நாளைதான். உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் மலைப்பாதையில் தனியாக ஓட்டுவதற்காகக் கொழும்பிலிருந்து மலைச்சைக்கிளை வாடகைக்கு வரவழைத்தேன். கூட வேலை செய்யும் ரவீந்திரன் அண்ணனிடம் வழி கேட்டதுதான் என் புத்திகெட்ட வேலை.

"தனியவா போறீங்க? விருந்தாளிய வெயிலுக்க சைக்கிள் மிதிக்க விட்டா ஊர் சிரிக்கும்."

மாலைக்குள் வேன் பேசிவிட்டார். குடும்பமே வருகிறதாம். அவர் மனைவி நண்டுகூட வாங்கிவிட்டாராம். அதற்குமேல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பல்லை இளித்தேன்.

"சைக்கிளையும் வேனுக்கு மேல கட்டுவம், தம்பி. குளத்தடியில வச்சுப் போட்டோ எடுப்பம். ஹெல்மெட்டையும் கொண்டு வாங்க, வடிவா இருக்கும்."

எடுத்து வைத்துவிட்டேன்.