கெங் பெரியவரின் வலது கால்

அக்டோபர் 19
கெங் ஷௌயி மறுபடி வந்தார். பதினைந்து வருடச் சர்க்கரை. உணர்ச்சி இருக்கிறதா என்று பாதத்தில் ஊசியால் குத்தினேன். மனுஷன் பாட்டுக்குக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை ஊறவைக்கக் குசும்பாப்பூ, லவங்கப்பட்டைக் குச்சி, இஞ்சி கட்டிக் கொடுத்தேன். "வெதுவெதுப்பா இருந்தாப் போதும். கை வெச்சுப் பாத்துட்டு காலை வைங்க."

"சரிங்க டாக்டரம்மா."

அக்டோபர் 24
மழை. மூலிகைச் சந்தைக்குப் போகவில்லை. முட்டைகோஸ் ஊறுகாய் போட்டேன்.

நவம்பர் 8
இடது கையால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி.

முந்தாநாள் மத்தியானம் பெரியவரின் மகன் பியாவ் என் மருந்துக்கடைக்குள் நுழைந்தான். கையில் எலும்பு வெட்டும் கத்தி.

"எங்கப்பன் கால வேகவெச்சுட்டியேடி, சூனியக்காரி!"

வெந்த கால் அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். அவன் கூச்சல் போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. மருந்து அலமாரியைச் சாய்த்தான். ஜாடிகள் நொறுங்கின. என் தலைமுடியைப் பிடித்துக் கல்லாவில் மோதினான். கத்தி இறங்கியது. கையை நீட்டினேன். நாடி பார்க்கும் மூன்று விரல்களில் ஒன்று தரையில் கிடந்தது. என் விரல் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அடுப்பில் கஷாயம் கொதித்தது. சட்டியோடு தூக்கி அவன் முகத்தில் ஊற்றினேன். அலறிக்கொண்டு விழுந்தான். விழுந்தவனைச் சட்டியால் அடித்தேன். பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரர் வந்து பிடிக்கும்வரை அடித்தேன்.

வைத்தியச்சி நான். வருத்தமே வரவில்லை — ஏன்?

நவம்பர் 11
கை வைத்துப் பார்க்கச் சொன்னேனே. எந்தக் கை? அவர் கையும் மரத்திருந்தால்?

பாதத்தை மட்டும்தான் குத்திப் பார்த்தேன்.

நவம்பர் 30
சக்கர நாற்காலியில் பெரியவர் வந்தார்.

"கை வெச்சேம்மா. பச்சத் தண்ணி மாதிரி இருந்துச்சு. அதான் கெட்டில்ல கொதிச்சத நானே ஊத்தினேன். ரெண்டு தரம். பயலுக்குத் தெரியாது. சொன்னா அடிப்பான்."

"உங்க கையை நான் பாக்கலைங்க. தப்பு என்னோடது."

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டிசம்பர் 12
போலீஸ் நிலையத்தில் சமரசப் பேச்சு. பியாவின் வலக் கன்னம் உரிந்து சிவந்திருந்தது. என் தவறைச் சொன்னேன். பெரியவரும் கெட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பியாவ் விலங்கு போட்ட கையோடு அப்பாவைத்தான் முதலில் அறைந்தான். நாற்காலி கவிழ்ந்தது. பிறகு என் மேல் பாய்ந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் அவன் மேல் உட்கார்ந்தார்கள். தரையில் முகம் அழுந்தக் கிடந்தவன், "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக்கூடாதாப்பா?" என்றான். அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டாம்.

ஜனவரி 6
பியாவை மன்னித்ததாகக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டேன். தண்டனை குறையுமாம். அதை வாங்க வந்த பெரியவர் கன்னத்தில் அறையின் நீலம் மங்கி மஞ்சளாகியிருந்தது. தாளை இரண்டு தரம் படித்தார்.

"எங்கிட்ட இந்த மாதிரி மன்னிப்புக் கடுதாசி ஒண்ணு நீங்க கேக்கலையேம்மா?"

"கேக்க வாய் வரலீங்க."

தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு எதுவும் எழுதித் தரவில்லை.