தீர்மான நகல்

பச்சையம்மன் நகர்,
4-7-1993

அன்புள்ள மச்சான் வரதனுக்கு,

நானும் உன் அக்கா நாகம்மாளும் சுகம். எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவனுக்கு இது தேவையா என்கிறாள் உன் அக்கா. தேவைதான். போன ஐப்பசியில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றதே! கால்வாயைத் தூர்வாரச் சொல்லி நகராட்சிக்கு மூன்று மனு கொடுத்தேன், பதிலே இல்லை. தேர்தலும் இல்லை, போய்க் கேட்கக் கவுன்சிலரும் இல்லை. நீ அதே நகராட்சியில் கிளார்க். எங்கள் மனு எங்கே தூங்குகிறது என்று பார்த்துச் சொல்லேன்.

இப்படிக்கு,
செங்கல்வராயன்

ஆவடி,
11-7-1993

அன்புள்ள மாமாவுக்கு,

கோபப்படாதீர்கள். மூன்று மனுவும் என் மேசையில்தான் இருக்கின்றன. சங்கப் பதிவு எண்ணும் கூட்டத் தீர்மான நகலும் இல்லாத மனுவுக்குப் பதில் போடக்கூடாது என்று சுற்றறிக்கை. அதைச் சங்கங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். உங்கள் கால்வாய்க்குப் போன வருஷமே மதிப்பீடு தயார். ஓவர்சியர் தனக்கு வேண்டியவர்கள் தெருவை முன்னால் தள்ளிவிட்டு, இதைப் பீரோவில் வைத்திருக்கிறார். உடனே கூட்டம் போடுங்கள். நடந்ததை ஒரு வரி விடாமல் நகல் எடுத்து அனுப்புங்கள்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.
வரதன்

பச்சையம்மன் நகர்,
3-8-1993

அன்புள்ள மச்சான்,

ஞாயிறன்று கூட்டம் நடந்தது. "மனு குட்த்து குட்த்து கை தேஞ்சிபோச்சி, அண்ணாத்தே" என்று எங்கள் தெரு கஜபதி எழுந்து போகப் பார்த்தார். உடனே உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். ஒரே கைதட்டல், கால்வாய்த் தீர்மானமும் நிறைவேறியது! கூட்டத்தில் எதை வாசித்தாலும் நடவடிக்கை எழுதும் மினிட் புத்தகத்தில் ஏற்றுவது எங்கள் வழக்கம், ஏற்றினேன். நீ சொன்னபடியே, பதிவு எண் போட்டு, ஒரு வரி விடாமல் நகல் எடுத்து ஆணையருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியாயிற்று. உன்னால் எனக்குத் தெருவில் தனி மரியாதை.

செங்கல்வராயன்

ஆவடி,
27-8-1993

மாமா,

நகல் வந்தது. "நகராட்சி ஊழியர் திரு. வரதன் எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டது" என்று தொடங்கி, என் கடிதம் முழுதும் அதில் இருந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "இன்னாய்யா, பீரோவுல கீறதையெல்லாம் மாமனுக்கு லெட்டர் போட்டுகினு கீறியா?"

மெமோ கொடுத்து, பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த பெயரையும் எடுத்தாயிற்று. நீங்கள் தெரியாமல்தான் செய்தீர்கள். ஆனாலும் மனசு ஆறவில்லை. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதீர்கள்.

வரதன்

பச்சையம்மன் நகர்,
20-11-1993

அன்புள்ள மச்சான்,

எழுதாதே என்றாய், முடியவில்லை. ஆணையர் நகலைப் படித்துவிட்டு ஓவர்சியரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். செப்டம்பரிலேயே கால்வாயைத் தூர்வாரிவிட்டார்கள். தெருவே சந்தோஷப்பட்டது, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு நீ வரவில்லை. உனக்கென்று எடுத்து வைத்த அதிரசத்தை நாலாம் நாள் பக்கத்து வீட்டு ஜமீலாவிடம் கொடுத்துவிட்டாள் உன் அக்கா. "இன்னும் யாருக்கு வெச்சிகினு கீறது?" என்றாள். என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது, வரதனைத் தண்டிக்காதீர்கள் என்று உங்கள் ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போனேன். தனியாள் மனுவா, சங்க மனுவா என்று கேட்டார்கள். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

செங்கல்வராயன்

ஆவடி,
9-1-1994

அன்புள்ள மாமாவுக்கு,

மனுவைப் போலவே உங்கள் கடிதத்தையும் இத்தனை நாள் மேசையில் போட்டு வைத்துவிட்டேன்.

கார்த்திகை மழையில் ஒருநாள் சைக்கிளில் உங்கள் தெருவுக்கு வந்தேன். கால்வாயில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது, உங்கள் படியை எட்டவில்லை. உள்ளே அக்கா எதையோ வதக்கும் வாசனை வந்தது. முந்தின வருஷம் அதே அடுப்புதானே தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது? அப்படியே நின்றுவிட்டுத் திரும்பினேன். பட்டியலில் என் பெயர் இல்லாதது இன்னும் வலிக்கிறது. ஆனால் அன்றைக்குப் பிறகு உங்கள் மேல் கோபம் இல்லை.

போகியன்று காலையில் அக்காவுக்குப் பொங்கல் வரிசை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இதையும் கூட்டத்தில் வாசித்துவிடாதீர்கள். படிக்கத் தெரியாத என் அக்காவுக்கு மட்டும், ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் மச்சான்,
வரதன்