ஏழாம் எண் பாட்டில்

மல்காஜ்கிரி
12.1.1986

அன்புத் தம்பி சிலாஸுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் அத்தானைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. முப்பது வருஷம் ரயில்வே கார்டாகப் பச்சைக்கொடி காட்டியவர், போன ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நின்றார். அல்சைமர் என்னும் மறதி நோய் என்கிறார் டாக்டர். பம்பாய்க்கு மாற்றலாகும் முன் ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் நீ வல்லாரைச் சாற்றில் ஞாபக மருந்து செய்தாயே, அதை இவருக்கும் கொடுக்கச் சொல்லேன். உன் கைராசியை நம்பியிருக்கிறேன்.

உன் அக்கா
கனகமணி

பம்பாய்
20.1.1986

அன்புள்ள அக்கா,

அத்தானைச் சோதனையில் சேர்த்தாயிற்று. ஏழாம் எண் பாட்டில் வரும். மொத்தம் பன்னிரண்டு பேர். ஆறு பாட்டிலில் வல்லாரை மாத்திரை, ஆறில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாதாமாதம் டாக்டர் வந்து ஞாபகத்தைச் சோதிப்பார். பத்து வருஷ உழைப்பு அக்கா. ஜெபத்தில் நினைத்துக்கொள்.

சிலாஸ்

மல்காஜ்கிரி
8.6.1986

அன்புத் தம்பிக்கு,

டாக்டர் அசந்துபோனார். காஜிபேட் வரை ஸ்டேஷன்களைச் சொல்லச் சொன்னார். உன் அத்தான் மௌலாலி, கட்கேசர், பீபீநகர், போன்கிர் என்று ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டி எழுதிக்கொண்டார். கீரைக்காரன் என்று உன்னைக் கேலி செய்தவர்கள் இனி வாயை மூடட்டும்.

கனகமணி

பம்பாய்
2.8.1986

அன்புள்ள அக்கா,

பட்டியலைப் பிரித்தோம். அத்தான் சாப்பிட்டது வெறும் மாவு. மாவு சாப்பிட்டவர் எல்லாரையும் விடத் தேறியிருந்தால் உன் சாறு எதற்கு என்று மேலதிகாரிகள் கேட்கிறார்கள். ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். போகட்டும், அத்தான் தேறினாரே.

சிலாஸ்

மல்காஜ்கிரி
9.8.1986

தம்பி,

அத்தான் தேறவில்லை. மாதாமாதம் டாக்டருக்குப் பின்னால் நின்று வாயசைத்தது நான். முப்பது வருஷம் அவர் வண்டி எங்கே வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வரிசை மனப்பாடம். அவர் என் உதட்டைப் பார்த்துச் சொன்னார். பாட்டிலில் இருப்பது உன் மருந்துதான் என்று நினைத்தேன். அது ஜெயிக்கட்டும் என்றுதான் செய்தேன். உன் பத்து வருஷத்தில் மண்ணைப் போட்ட பாவி நான்.

இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரியிடம் காட்டு. என் மானம் போனால் போகட்டும். இவரை நீக்கிவிட்டு மற்றப் பதினொரு பேரைப் பார்க்கச் சொல்.

இன்று காலை என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார். அழுகையில் என் பெயரைச் சொல்லச் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "கனகமணி" என்று சரியாகச் சொன்னார். பிறகு, "அடுத்த ஸ்டேஷன்?" என்று கேட்டார்.

அக்கா