மேலே பந்தல் இல்லை

இன்று காலை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது அந்த வாசம் வரவில்லை. புது சைலன்சர் சூடேறும்போது பெயின்ட் கருகி வருமே, அது. ஷோரூமிலிருந்து எடுத்து வந்த முதல் நாள், "என்னமோ தீயுதுடா" என்று நான் பதறிப்போய் ஓரங்கட்டியதற்கு நீ சிரித்த சிரிப்பு உத்தமபாளையம் வரை ஓயவில்லை. "புது வண்டி அப்பிடித்தாம்லே. பழகப் பழகப் போயிரும்" என்றாய். எப்போது போனதென்று தெரியவில்லை, இன்றைக்குத்தான் கவனித்தேன். வண்டியை எங்கே நிறுத்தினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைக் கேட்டிருந்தால் ஒரு மொபெட் போதும் என்றிருப்பேன். முன்னால் உரமூட்டை, பின்னால் மருந்து டின். திராட்சைக்காரனுக்கு அதற்கு மேல் எதற்கு? நீதான் விடவில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஜீப் ஓட்டியவன் நீ. நான் அதே மலையைச் சுருளிப்பட்டித் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவன். அதுவும் திராட்சைப் பந்தலுக்கு வெளியே வந்தால்தான் பார்க்க முடியும். அப்பா போனதிலிருந்து பதினொரு வருடம், ஒரு ராத்திரி கூட நான் வெளியூரில் தங்கியதில்லை. மழை பெய்தால் மருந்தடிக்க வேண்டும், மூட்டம் போட்டாலும் மருந்தடிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எப்போது வருமோ என்று காத்துக் கிடக்க வேண்டும்.

தேனி ஷோரூமில் நான்கைந்து வண்டிகளை ஒதுக்கிவிட்டு அந்த உயரமான வண்டியில் போய் ஏறினாய். தார் ரோட்டிலும் ஓடும், கல்லும் சேறுமான மலைப்பாதையிலும் ஓடும் என்றார்கள். உன் கால் இரண்டும் தரைக்கு எட்டாமல் தொங்கின. கொஞ்சமும் வெட்கப்படாமல், "எனக்கில்ல சார், இந்த நெட்டையனுக்கு" என்று குதித்து இறங்கினாய். கூட வந்த என் மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல எங்கன மூட்டைய வைப்பீக?" என்று என்னைக் கேட்டாள். பதில் நீ சொன்னாய்.

"மூட்டை வைக்க எடமில்லாத வண்டியாப் பாத்துத்தான் தேடுனேன் தங்கச்சி."

ஓட்டிப் பார்க்க எடுத்தபோது ஷோரூம் வாசலில் நான் தலையைக் குனிந்தேன். லாரி நுழையும் வாசல் அது. பின்னால் உட்கார்ந்திருந்த நீ என் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டி, "மேல பந்தல் இல்லலே, நிமிரு!" என்றாய். ஆறடிக்காரன் ஐந்தரை அடிப் பந்தலுக்குள் இருபது வருடம் நடந்தால் கழுத்து அப்படித்தான் ஆகும். புளியமரத்தைக் கண்டாலும் குனிவேன், வெறும் வானத்துக்குக் கீழேயும் குனிவேன். ஒவ்வொரு முறையும் தட்டு விழும். குண்டுகுழியில் இந்த வண்டியை உட்கார்ந்து ஓட்டக் கூடாது, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று ஓட்ட வேண்டும் என்று போனில் வீடியோ காட்டினாய். "ஒனக்குன்னே செஞ்ச வண்டிடா மாப்ள. நிமிந்தாத்தான் ஓட்ட முடியும்."

முதல் ஆயிரம் கிலோமீட்டர் வண்டியை முறுக்கக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதுவரை மலையும் வேண்டாம் என்று நீ முடிவு செய்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னமனூர், கூடலூர் என்று சமவெளியிலேயே சுற்றினோம். ஆயிரம் ஆனதும் மெட்டு ஏறி, அந்தப் பக்கம் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவதாகப் பேச்சு. "போகாம்" என்பாய் மலையாளத்தில், மீட்டரைத் தட்டிக்கொண்டே.

அறுநூற்று நாற்பதில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை. எட்டு மாதம் ஆகிறது, இன்னும் எனக்கு உன்மேல் கோபம்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வண்டிக்குக் கேரியர் மாட்டினேன். மூட்டை ஏறியது, டின் ஏறியது. உன் உயரமான வண்டி தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தது. அப்படியும் மீட்டர் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் தொள்ளாயிரத்து எண்பதைத் தொட்டது. ஆயிரம் ஆகிவிட்டால் போக வேண்டும். போகாவிட்டால், அது வண்டியால் அல்ல, என்னால்தான் என்று ஆகிவிடும். முன்சக்கரத்து சென்சார் ஒயரின் கனெக்டரைக் கழற்றிவிட்டேன். மீட்டர் அப்படியே நின்றது. ஏபிஎஸ் விளக்கு மட்டும் மஞ்சளாய் எரிந்து என்னையே முறைத்தது.

நேற்று சர்வீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், வண்டி எத்தன கிலோமீட்டர் ஓடிருக்கு?"

"தொள்ளாயிரத்து எண்பது."

"போன மாசமும் அதத்தானே சொன்னீக? அதுக்கு முந்துன மாசமும் அதத்தான் சொல்லிருக்கீக. வண்டி ஓடுதா, இல்ல கட்டிப் போட்டுருக்கீகளா சார்?"

கேலியாகத்தான் கேட்டாள். எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது.

இன்று விடிந்ததும் கேரியரைக் கழற்றினேன். கனெக்டரை மாட்டினேன். கொஞ்ச தூரம் ஓடியதும் மஞ்சள் விளக்கு அணைந்தது. மனைவியிடம் சொன்னபோது, "ராத்திரி வருவீகளா?" என்றாள். "தெரியல" என்றேன். அந்தச் சொல்லை அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மெட்டுச் சாலையில் பாதி வளைவு ஏறும்போது ஆயிரம் ஆனது. சாலை பெயர்ந்து ஜல்லியாகக் கிடந்த இடத்தில் எழுந்து நின்றேன். முதுகு ஒத்துழைக்கவில்லை. தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை, ஆனாலும் குனிந்தேன். தட்டு விழவில்லை. ஹெல்மெட்டுக்குள் நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன், நீ சொன்ன மாதிரியே. பிறகு நிமிர்ந்தேன். அடுத்த மூன்று வளைவுகளும் நின்றபடியே ஏறினேன்.

கேரள எல்லை செக்போஸ்ட் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்தான் வண்டியை நிறுத்தி இறங்கினேன். கீழே திரும்பிப் பார்த்தது என் தப்பு. பள்ளத்தாக்கு முழுக்க மூட்டம். அதற்கடியில் எங்கோ என் காய்கள் ஈரத்தில் நின்றன. நீ இருந்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பாய். நான் வண்டியைத் திருப்பினேன்.

பத்து மணிக்குப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்து, மூன்று மணி வரை மருந்தடித்தேன். இப்போது சாயங்காலம். மருந்தில் கலந்த மயில்துத்த நாற்றத்தோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மீட்டரில் ஆயிரத்து முப்பது. கனெக்டரைக் கழற்றவில்லை. முதுகு வலிக்கிறது. குனிந்து குனிந்து வருகிற வலி எனக்கு நன்றாகத் தெரியும், இருபது வருடப் பழக்கம். இது அது இல்லைடா மாப்ள. இது வேறு இடத்தில் வலிக்கிறது.