உட்கார்ந்தே துப்பறியும் உன் அப்பா

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு.

அன்புள்ள அனுராதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை வாராவாரம் வீடியோ போனில் முகம் பார்த்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இருந்தாலும் ஒரு தடவை எழுத்திலும் கேட்கிறேன், காரணம் பின்னால் வரும். கனடாவில் குளிர் விட்டதா, கம்பளிக் காலுறை போடுகிறாயா. இங்கே பிசான நெல் அறுப்பு ஆரம்பித்துவிட்டது, வெயிலும் வந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, டாக்டர் நடங்கள் நடங்கள் என்கிறார், உன் அப்பாவோ ஈசிச்சேரை விட்டு எழுந்திருப்பதாக இல்லை. எல்லாம் சிவசங்கரன் அண்ணாச்சி நூலகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய துப்பறியும் கதைகளால் வந்த வினை. நூறு வருஷத்துக்கு முந்தைய கதைகளாம். அதில் துப்பறிகிறவர் நாற்காலியை விட்டு நகரவே மாட்டாராம். யாராவது ஓடி வந்து நடந்ததைச் சொல்ல, இவர் கண்ணை மூடி யோசித்து, கொலைகாரன் இன்னான் என்பாராம், போலீஸ்காரர்கள் வாயைப் பிளப்பார்களாம். இன்றைக்கும் ஏன் ஜனங்கள் இதை விடாமல் படிக்கிறார்கள் என்று அப்பா அரைமணி நேரம் விளக்கினார், மூளை, தர்க்கம், ஒழுங்கு என்று என்னவெல்லாமோ. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். உட்கார்ந்த இடத்துக்குக் காபி வரும், செய்தி வரும், கடைசியில் பெயரும் வரும், எந்த ஆம்பிளைக்குக் கசக்கும். ஓடி ஓடிச் செய்தி கொண்டுவருகிற ஆளுக்குக் கதையில் என்ன பெயரோ, இந்த வீட்டில் அது நான்தான்.

முதல் வழக்கு, மொட்டைமாடியில் காயப்போட்ட கூழ்வத்தல். போன வாரம் பார்த்தால் பாதித் துணி காலி. நான் நாலு தடவை ஏறி இறங்கித் தகவல் சொன்னேன், அவர் கண்ணை மூடினார். மாடியில் குடியிருப்பது பெர்சிஸ் டீச்சர், மொட்டைமாடிப் படி அவர் வாசல் வழியாகப் போகிறது, அன்று மத்தியானம் அங்கே எதுவோ பொரித்த வாசனை, ஆகவே டீச்சர்தான் என்று தீர்ப்பு. அதை மனதோடு வைத்துக்கொள்ளக் கூடாதா, மோட்டார் போடக் கீழே வந்த டீச்சரை நிறுத்தி, இன்று என்ன பொரித்தீர்கள் என்று விசாரணை வேறு. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை டீச்சர் சிரித்துவிட்டார். சார், கொஞ்சம் எந்திச்சு சன்னல் பக்கம் வந்தியன்னா கொரங்கு இன்னும் உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கதப் பாக்கலாம் என்றார். எதிர்வீட்டுச் சுவரில் குட்டியும் தாயுமாக நம் வத்தல் விருந்துதான் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் சொதியும் இஞ்சித் துவையலும் செய்து மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். உன் அப்பாவுக்கு வெட்கம் உண்டா, குரங்குக்கு உள்நோக்கம் கிடையாது, அதனால்தான் பட்டியலில் சேர்க்கவில்லை என்கிறார்.

இரண்டாவது வழக்கு நீ. போனில் கேட்டால் சிரித்துச் சமாளிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். மூன்று ஞாயிறாக மாப்பிள்ளை எங்கே என்று கேட்கும்போதெல்லாம் குளிக்கிறார் என்றாய். போன வாரம் நீ போனை வைத்ததும் அப்பா கண்ணை மூடவில்லை, மெதுவாக, புள்ள அங்கன தனியா இருக்கா பாலம்மா, பின்னால கொக்கியில ஒத்தக் கோட்டுதான் தொங்குது என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கொரங்கக் கண்டுபிடிக்கத் தெரியல, மாப்பிள்ளையக் கண்டுபிடிக்க வந்துட்டியளாக்கும் என்று கத்திவிட்டேன். அவர் எழுந்தார். யாரும் சொல்லாமல் அவர் எழுந்தது இந்த இரண்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டே உன் அறைக்குப் போய், கட்டிலில் அடுக்கியிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கிவைத்து, தலையணையைத் தட்டிப் போட்டார். அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அனு, உன் அடுக்களைத் தொட்டி ஓரம் கழுவிக் கவிழ்த்த ஒற்றை டம்ளரை நான் போன மாதமே பார்த்துவிட்டேன். எல்லாச் செய்தியும் கொண்டுபோய்ச் சொல்கிறவள் அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை, பயமாக இருந்தது.

அவர் சொன்னது தப்பு என்றால் உடனே எழுது, ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டிச் சிரிப்பேன், அவரும் சந்தோஷமாகத் தோற்பார். சரி என்றால் ஒன்றும் எழுத வேண்டாம், டிக்கெட் போட்டு வருகிற தேதியை மட்டும் சொல். யார் குற்றவாளி என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டோம்.

அகஸ்தீஸ்வரர் உனக்குத் துணையிருக்கட்டும், நீ நன்றாயிரு. காலுறையை மறக்காதே.

உன் அம்மா,
பாலம்மாள்