உச்சிக்குக் கொஞ்சம் கீழே

கேன்மோர்,
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்புள்ள ரோரி,

நான் நலம். கம்பளிக் காலுறையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தால் நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் நீ வேலை செய்யும் வடக்கு முகாமில் அத்தனை பேருக்கும் கேட்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தக்காளி ஒருவழியாகப் பழுத்தது. பாதியை மான் தின்றது, மீதியை நான். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டு உன்னை எதிர்பார்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை ஷீனாவோடு ஒற்றைக்கொம்பு ஏறப் போனேன். ஆமாம், அதே மலை. போன ஆகஸ்டில், உச்சிக்குப் போகும் அதன் கத்திபோல் ஒடுங்கிய முகட்டில், முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல், பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்தேனே. உச்சி கண்ணெதிரே இருந்தும் நீ என்னோடு இறங்கி வந்தாய். "மலை எங்க ஓடிடப்போவுது" என்றாய். அதன்பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. உன்னைக் கீழே இழுக்கிற ஆள் நான்தானோ என்று குளிர்காலம் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது.

காட்டுப்பாதையில் கரடி விலகட்டும் என்று ஷீனா கத்திக்கொண்டே வந்தாள். "ஏய் கரடி! எங்கண்ணன் பன்னெண்டு வயசு வரைக்கும் விளக்கு போட்டுட்டுத்தான் தூங்குவான்!" உன் மானம் பள்ளத்தாக்கு முழுக்கப் போய்விட்டது. "நீயும் கத்துடி, கரடிகிட்டகூடவா வெட்கம்?" என்றாள். யோசித்துவிட்டு, "என் புருஷன் ரொம்ப தூரத்துல இருக்கான்!" என்று கத்தினேன். ஷீனா, "கரடி அழுதுட்டே போயிருக்கும், போ" என்றாள்.

முகட்டில் நான் நடக்கவில்லை. குதிரைமேல் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தேன். இடது காலுக்குக் கீழே ஏரி, வலது காலுக்குக் கீழே மேகம். நடுவில் உடம்பு மறுபடியும் இறுகத் தொடங்கியது. "மகாராணி, குதிரை மக்கர் பண்ணுதா?" என்றாள் ஷீனா. அந்த நேரம் பார்த்து என் பேன்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தபடியே நகர்ந்தேன் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் முகடு எனக்குப் பின்னால் இருந்தது!

மிச்சம் சில பாறைகள்தான். ஷீனா ஏறி உச்சியில் உட்கார்ந்து, "வாடி, அஞ்சு நிமிஷம்கூட ஆகாது" என்று கூப்பிட்டாள். அப்போதுதான் போன செப்டம்பர் நினைவுக்கு வந்தது. இதே மலைக்கு நண்பர்கள் அழைத்தபோது முழங்கால் வலி என்றாய். மறுநாளே அதே முழங்காலோடு வேறொரு மலை ஏறினாய். அன்று எனக்குப் புரியவில்லை, ரோரி; இப்போது புரிந்தது. நானும் உச்சிக்குப் போகாமல், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து என் சாண்ட்விச்சைத் தின்றேன்.

"ரெண்டுக்கும் பைத்தியம்" என்று ஷீனா இறங்கும் வழியெல்லாம் திட்டினாள்.

ஊருக்கு வந்து ரொட்டிக்கடையில் நின்றபோது, கடைக்காரம்மா என் பேன்ட்டைப் பார்த்துவிட்டு, "ஒத்தக்கொம்பா?" என்றார். "கொம்புக்குக் கொஞ்சம் கீழ" என்றாள் ஷீனா.

செப்டம்பர் பாதிக்குமேல் முகட்டில் பனி உட்கார்ந்துவிடும். பேன்ட்டை நான் தைக்கவில்லை. எப்படியும் மறுபடி கிழியப்போகிறது. பனி முந்திக்கொள்வதற்குள் வந்துவிடு.

மிச்சப் பாறைகளை அப்படியே வைத்திருக்கும்
உன் மார்கிட்